காத்தவர் அடி தலைமேல்: பெருமுக்கல் மலையும் ஓய்மாநாட்டு அறமும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் நோக்கிக் கிழக்கே செல்லும் சாலையில், ஏரிகளும் நெல்வயல்களும் மணிலாக் கொல்லைகளும் மாறி மாறி வரும் சமவெளியின் நடுவே தனித்து எழுந்து நிற்கும் பாறைக் குன்று பெருமுக்கல். உயரத்தில் செஞ்சிக் குன்றுகளுக்கு ஈடாகாத இம்மலை, ஒரே ஏற்றத்துக்குள் மூன்று காலங்களின் தடயங்களைத் தாங்கி நிற்பதால், விழுப்புரம் மாவட்டத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் கடந்து போக முடியாத இடமாகிறது. வரலாற்றுக்கு முற்பட்ட மக்கள் கீறிவைத்தவை எனக் கருதப்படும் உருவங்களைக் கொண்ட குகை, சோழர் காலக் கல்வெட்டுகளைச் சுவரில் தாங்கிய முக்தியாலீசுவரர் கோயில், பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் பலமுறை கைமாறிய கோட்டையின் எச்சங்கள் ஆகிய மூன்றும் இங்கே ஒன்றுக்கொன்று அருகருகே உள்ளன. ஆங்கிலேயரின் போர்க்குறிப்புகளில் 'பெர்மாகோயில்' என்று உருமாறி வரும் ஊரும் இதுவே.

செஞ்சி, மண்டகப்பட்டு போன்ற இடங்களில் பேச்சு பெரும்பாலும் கட்டியவர்களைப் பற்றியதாகவே இருக்கும். பெருமுக்கல்லில் அந்தப் பார்வை போதாது. இங்கே கட்டியவர் யார் என்ற வினாவைக் காட்டிலும், கட்டியதை இத்தனை நூற்றாண்டுகள் யார் எப்படிக் காத்தார்கள், இனி யார் காக்க வேண்டும் என்ற வினாவே முன்னால் வந்து நிற்கிறது. வேற்று நாட்டிலிருந்து வரும் பயணி பார்த்துவிட்டுப் போகலாம். தன் சொந்த வட்டாரத்தில் வழிநடப்பவரோ பார்த்ததற்கெல்லாம் ஏதோ ஒரு வகையில் பொறுப்பாளியாகிறார். இந்தப் பொறுப்பை இவ்வட்டாரம் மிகப் பழங்காலத்திலிருந்தே அறிந்திருந்தது என்பதற்கு இலக்கியமும் கல்வெட்டும் சான்றாக உள்ளன.

திண்டிவனத்தையும் மரக்காணத்தையும் உள்ளடக்கிய இப்பகுதி பண்டைக் காலத்தில் ஓய்மாநாடு எனப்பட்டது. நாடு என்பது இங்கே இன்றைய பொருளில் ஒரு தேசத்தைக் குறிக்காமல், பல ஊர்கள் சேர்ந்து நீர், நிலம், வரி ஆகியவற்றைத் தமக்குள் ஒழுங்குசெய்துகொண்ட வேளாண் வட்டாரத்தைக் குறிக்கும். சோழர் ஆட்சியில் தொண்டை மண்டலம் சயங்கொண்ட சோழ மண்டலம் என்று பெயர் மாறியபோதும் ஓய்மாநாடு அதன் உட்பிரிவாக நீடித்தது. ஆங்கிலேயர் காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தின் திண்டிவனம் வட்டமாகவும், 1993 செப்டம்பர் 30 முதல் விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாகவும் இது இருந்துவருகிறது. ஆட்சியாளரும் எல்லைகளும் பலமுறை மாறியும், ஏரிகளால் பிணைக்கப்பட்ட ஊர்க் கூட்டம் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

இவ்வட்டாரத்தின் வழியே ஒரு பயணத்தை முதலில் எழுத்தில் பதிந்த நூல் பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய இந்நூல் 269 அடிகளைக் கொண்டது. ஆற்றுப்படை என்பது, வள்ளல் ஒருவரிடம் பரிசு பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிரே வரும் வேறொரு கலைஞருக்கு வழி சொல்லி அவ்வள்ளலிடம் அனுப்பிவைக்கும் இலக்கிய வகை. தான் பெற்றதைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல், அதைப் பெறும் வழியைப் பசித்த இன்னொருவருக்குத் தருவது இவ்வகையின் உயிர்நாடி. வழி சொல்வதே தொண்டு என்ற கருத்தின் மேல் முழு இலக்கிய வகை ஒன்று எழுந்திருப்பதைத் தமிழரின் அறச்சிந்தனை பற்றி எழுதுவோர் உரிய அளவுக்குக் கவனித்ததில்லை என்றே சொல்ல வேண்டும்.

அந்நூல் வறுமையை மறைக்கவில்லை. வழி கேட்கும் கலைஞனான பாணனின் அடுக்களையில் குட்டி ஈன்ற நாய் கிடக்கிறது. கண் திறவாத குட்டிகளுக்குச் சுரக்கப் பாலில்லை. சுவர் கரையானால் அரிக்கப்பட்டுக் காளான் பூத்திருக்கிறது. வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளிவந்து உப்பின்றி வேகவைத்து, பிறர் கண்டு பேசுவார்களே என்ற நாணத்தால் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். அந்த நிலையிலும் உணவு பகிரப்படுகிறது என்பதைப் புலவர் விடாமல் சொல்கிறார். இவ்வளவு வறுமையிலிருந்து புறப்படும் கலைஞர் நல்லியக்கோடனின் ஊரை அடையும் வரை பசியோடு நடக்க வேண்டியதில்லை. இடையிலுள்ள ஒவ்வொரு ஊரும் அவருக்குச் சோறிடும் என்பதுதான் அடுத்து வரும் பகுதியின் செய்தி.

முதலில் கடற்கரை ஊரான எயிற்பட்டினம். அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் மரத்தை விறகாக எரிக்கும் பரதவர் என்னும் மீனவர் குடியிருப்பில் பழைய கள்ளும் சுட்ட உலர்மீனும் கிடைக்கும். அடுத்தது முல்லை நிலத்து வேலூர். அங்கே எயினர் என்னும் வேட்டைக் குடியினரின் பெண்கள் சமைத்த புளிச்சோறும் காட்டுப்பசுவின் சூட்டிறைச்சியும் கிடைக்கும். மூன்றாவது மருத நிலத்து ஆமூர். அங்கே உழவர் வீட்டில் கைக்குத்தலரிசிச் சோற்றை நண்டுக் கலவையோடு இடுவார்கள். எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், வேலூரைத் திண்டிவனத்தை அடுத்த உப்புவேலூர் என்றும், ஆமூரை நல்லாமூர் என்றும், நல்லியக்கோடனின் தலைநகரான கிடங்கிலை இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாகிவிட்ட கிடங்கல் என்றும் ஆய்வாளர் பலர் கொள்வர். அப்படிக் கொண்டால் இப்பயணம் கடலோரத்திலிருந்து மேற்காக, இன்றைய மரக்காணம்–திண்டிவனம் சாலை செல்லும் திசையிலேயே அமைகிறது. பெருமுக்கல் மலையின் பெயரை அந்நூல் சொல்லாவிட்டாலும், இவ்வழியில் நடந்த எவர் கண்ணுக்கும் அது தப்பியிருக்க முடியாது.

மூன்று ஊர்களின் உணவுகளும் ஒன்றுபோல் இல்லாததும் எண்ணிப் பார்க்கத்தக்கது. பரதவரிடம் அரிசிச் சோறு கேட்கப்படவில்லை. உழவரிடம் மீன் கேட்கப்படவில்லை. தங்கள் நிலம் எதைத் தந்ததோ அதை வழிப்போக்கருக்கும் ஒரு பங்காக வைத்தார்கள். இந்தச் சிறிய ஈகைகளைக் கடந்துதான் நல்லியக்கோடனின் பெரிய ஈகை வருகிறது. பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடைக்கப்படாத வாயிலை உடைய அவன், வந்தவர்க்கு உடையும் உணவும் தந்து, தானே அருகில் நின்று உண்பித்து, தேரும் கொடுத்து அனுப்புகிறான். கடையெழு வள்ளல்கள் எழுவரும் சுமந்த ஈகைப் பாரத்தை இவன் ஒருவனே தாங்கினான் என்று புலவர் கூறுகிறார். ஆயினும் வழியெங்கும் பெயர் குறிக்கப்படாத பரதவரும் எயினரும் உழவரும் சோறிட்டிராவிட்டால் எந்தக் கலைஞரும் அந்த வாயிலுக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டார். ஓய்மாநாட்டின் புகழில் அவர்கள் பங்கு அரசனுடையதற்குக் குறைந்ததன்று.

மலைமேல் ஏறுவோர் காணும் குகையைச் சுற்றுவட்டார மக்கள் சீதையோடு இணைத்துப் பேசுகின்றனர். சீதை இங்கே தங்கி இலவகுசரை ஈன்றாள் என்றும், வால்மீகி முனிவர் இங்கே தவமிருந்தார் என்றும் கதை வழங்குகிறது. மலைக்கோயில் இறைவனின் பழம்பெயரான திருவான்மிகை ஈசுவரமுடையார் என்பதையும் இக்கதையோடு சேர்த்தே சொல்வர். ஆய்வாளர் கண்ணில் அக்குகையின் சிறப்பு வேறு. பாறையில் கூரிய கல்லால் கீறி உண்டாக்கிய கோடுகளும் வடிவங்களும் அங்கே உள்ளன. நிறம் குழைத்துத் தீட்டுவது பாறை ஓவியம். தீட்டாமல் கீறியோ கொத்தியோ உருவாக்குவது பாறைக் கீறல். இம்மாவட்டத்திலேயே கீழ்வாலையில் பாறை ஓவியங்கள் சிறப்பாக உள்ளன. பெருமுக்கல்லில் இருப்பவை கீறல்கள். தொன்மக் கதையும் தொல்லியலும் இங்கே ஒன்றையொன்று மறுக்க வேண்டிய தேவையில்லை. சீதை இருந்த குகை என்ற மதிப்பு ஊராரிடம் நிலைத்ததால்தான் அப்பாறை உடைபடாமல் தப்பியது என்று கருத இடமுண்டு. அந்த வகையில் கதையும் ஒரு காவல்தான்.

மலைமேல் உள்ள கோயிலின் கல்வெட்டுகள் சோழர் காலத்தவை. தொண்டை மண்டலக் கோயில்களில் மிகுதியாகக் காணப்படுபவை விளக்குக் கொடைகளும் நிலக்கொடைகளும் ஆகும். இவற்றைப் பக்தியின் வெளிப்பாடு என்று மட்டும் கூறி நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. அவற்றுள் இருக்கும் பொருளாதார அமைப்பைக் கூர்ந்து பார்த்தால், ஒரு பணியை எப்படிக் காலங்கடந்து நடத்துவது என்பதற்கான திட்டம் தெரியும். நுந்தா விளக்கு என்பது இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்கு. ஒரு நுந்தா விளக்குக்குப் பொதுவாக 96 ஆடுகள் கொடையாக விடப்பட்டன. அவற்றை மன்றாடி எனப்பட்ட இடையர் பெற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளந்துவந்தார். உழக்கு என்பது நாழியில் நான்கில் ஒரு பங்கு. ஆடுகள் இறந்தாலும் மூத்தாலும் அவற்றின் குட்டிகள் அந்த இடத்தை நிரப்புவதால் எண்ணிக்கை குறையாது என்ற கணக்கில் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயரிட்டனர். கொடுத்தவரின் பெயர் கல்லில் நிற்க, விளக்கை எரியவைத்தவர் அந்த மன்றாடியும் அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே ஆவர். காலையில் நெய்யளந்து கொடுப்பது அவர்களுக்குப் பரம்பரைக் கடனாயிற்று.

நீர்நிலைகளுக்கும் இதே முறைதான். ஓய்மாநாட்டுக்கு வடக்கே, இதே தொண்டை மண்டலத்து உத்தரமேரூரில் பொ.ஆ. 919, 921 ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட புகழ்பெற்ற கல்வெட்டுகள், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களைப் பற்றிப் பேசுகின்றன. வாரியம் என்பது ஊர்ச்சபை ஒரு குறித்த பணிக்காக அமைத்த குழு. அவற்றுள் ஏரி வாரியம் ஏரிப் பராமரிப்புக்கு உரியது. ஏரியில் ஆண்டுதோறும் சேரும் வண்டலை அள்ளிக் கரைமேல் போடுவதற்கென்றே பொன்னும் நிலமும் ஒதுக்கப்பட்டன. அந்நிலத்தை ஏரிப்பட்டி என்றனர். ஏரியை வெட்டுவது ஒருமுறை செய்யும் வேலை. தூர் எடுப்பதோ முடிவில்லாத வேலை. முடிவில்லாத வேலைக்கு முடிவில்லாத வருவாயைக் கட்டிவைக்க வேண்டும் என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. இன்று நிதி ஒதுக்கித் தூர் வாரி, புகைப்படம் எடுத்து, அடுத்த பத்தாண்டுகளுக்கு அந்த ஏரியை மறந்துவிடும் திட்டங்களோடு இதை ஒப்பிட்டால், குறைந்திருப்பது பணமன்று, தொடர்ச்சி என்பது விளங்கும்.

கொடைக் கல்வெட்டுகளின் இறுதியில் ஓம்படைக்கிளவி எனப்படும் பகுதி வரும். கொடையை அழிப்போர் அடையும் பாவத்தைச் சொல்வதோடு நில்லாமல், இந்த அறத்தைக் காப்பவரின் அடி தன் தலைமேல் என்று கொடையாளியே பணிந்து சொல்வதும் அதில் இடம்பெறும். அரசராயினும் அரசியாராயினும் வணிகராயினும் இப்படித்தான் சொன்னார்கள். தனக்குப் பின் எந்தக் குலத்தில், எந்த நிலையில் பிறந்தவர் அதைக் காக்கப்போகிறார் என்று தெரியாமலேயே, அவர் காலடியைத் தம் தலைக்கு மேல் வைத்தார்கள். கொடுத்தவரைக் காட்டிலும் காத்தவரை உயர்த்தும் இந்த மரபு உலகின் அறநூல்களில் அரிதாகக் காணப்படுவது. தமிழ்க் கல்வெட்டுகளில் அது எங்கும் பரவிக் கிடக்கிறது.

காவல் அறுந்த காலமும் இம்மலைக்கு உண்டு. 1760 சனவரியில் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுப் படை தோற்றுப் புதுச்சேரி நோக்கிப் பின்வாங்கியபின், அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை பெருமுக்கல் கோட்டையைத் தாக்கிப் பிடித்தது. 1780இல் ஐதர் அலி கருநாடகப் பகுதிக்குள் நுழைந்தபின் இக்கோட்டை மீண்டும் முற்றுகைக்கு உள்ளாயிற்று. 1782இல் அது மைசூர்ப் படையிடம் வீழ்ந்தது. பாறை மேல் நின்று நெடுந்தொலைவு காண முடிந்ததே இக்குன்றைப் போர்களுக்கு இழுத்துவந்தது. அந்த ஆண்டுகளில் இவ்வட்டாரம் முழுவதும் படைகள் சென்ற வழியில் ஊர்கள் வெறிச்சோடின, ஏரிகள் பேணுவாரற்றுப் போயின. படைத்தலைவர்களின் பெயர்கள் நூல்களில் நிலைத்திருப்பதால் இதை விரித்துச் சொல்ல இங்கே தேவையில்லை.

காவல் அறுந்த கதையிலிருந்து காத்தவர்களிடம் திரும்புவோம். பயணத்தையும் ஊர்ப்பணியையும் ஒன்றாக்கிய பெரியவர் ஒருவர் அண்டைப் பகுதியான நடுநாட்டைச் சேர்ந்தவர். ஓய்மாநாட்டுக்குத் தெற்கே திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர், ஏழாம் நூற்றாண்டில் தமிழகமெங்கும் நடந்து கோயில் கோயிலாகச் சென்றவர். அவர் கையில் இருந்தது உழவாரம்; அதாவது புல்லையும் முட்செடியையும் தரையோடு செதுக்கி எடுக்கும் கருவி. சென்ற இடமெல்லாம் பதிகம் பாடியதோடு, திருச்சுற்றில் மண்டிய புல்லைச் செதுக்கி நடைபாதையைச் சீராக்கினார். அவருக்கு முன்னோடி தமக்கையார் திலகவதியார். திருவதிகைக் கோயிலில் நாள்தோறும் அலகிட்டு, சாணத்தால் மெழுகி, பூப்பறித்து மாலை தொடுத்தவர். தம்பி சூலை நோயோடு திரும்பிவந்தபோது அவரை அழைத்துச் சென்றதும் அந்தப் பணியிடத்துக்கே. சேக்கிழார் விரிக்கும் இவ்வரலாற்றில் அப்பூதி அடிகள் இன்னொரு எல்லை. நாவுக்கரசரைக் கண்ணால் காணாமலேயே, அவர் பெயரில் திங்களூரில் தண்ணீர்ப் பந்தலும் சாலையும் குளமும் அமைத்து, அறச்செயல் ஒன்றிலும் தம் பெயரைப் பொறிக்காமல் விட்டவர் அவர். நாவுக்கரசர் அவ்வழியே வந்து பந்தலின் பெயரைக் கேட்டு வியந்து, அதை வைத்தவரைத் தேடிச் சென்றார். வழிநடப்பவருக்கும் வழியில் தண்ணீர் வைப்பவருக்கும் இடையே தமிழ் மரபு கண்ட உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை.

உழவாரப் பணி என்ற பெயரில் இன்று விடுமுறை நாள்களில் கோயில்களுக்குச் சென்று துப்புரவு செய்யும் குழுக்கள் தமிழகமெங்கும் உள்ளன. பெருமுக்கல் போன்ற, வருமானமும் அன்றாடக் கூட்டமும் இல்லாத மலைக்கோயில்களுக்கு இக்குழுக்கள் அளிக்கும் உழைப்பு அரிய செல்வம். அதே நேரத்தில் இப்பணிக்கு அறிவும் வேண்டும். கற்கட்டடத்தின் இடுக்கில் முளைத்த அரச மரக் கன்றையோ ஆலங்கன்றையோ பிடித்து இழுத்தால், வேரோடு கல்லும் பெயர்ந்து வரும். தண்டை வெட்டி, எஞ்சிய வேர் மீண்டும் துளிர்க்காமல் பட்டுப்போகச் செய்து, பிறகே அகற்ற வேண்டும். சுவரைப் பளபளப்பாக்கும் ஆர்வத்தில் மணல் வீச்சு முறையைக் கையாண்டால், அழுக்கோடு எழுத்தும் தேய்ந்துவிடும். சுண்ணாம்பும் வண்ணப்பூச்சும் எழுத்துக் குழிகளை நிரப்பிக் கல்வெட்டைக் குருடாக்கும். ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்து ஒரே பிற்பகலில் அழிவது பகைவர் கையால் நிகழ்வதைக் காட்டிலும் அன்பர் கையால் நிகழ்வதே மிகுதி. புல்லைச் செதுக்குவது, குப்பையை அகற்றுவது, மழைநீர் வழிந்தோடும் தாரையை அடைப்பின்றி வைப்பது ஆகிய மூன்றையும் செய்தாலே ஒரு பழங்கோயிலின் ஆயுள் கூடும். கல்லைத் தொடும் வேலையைத் தொல்லியல் அறிந்தோரிடம் விட்டுவிடுவதே முறை.

கல்வெட்டைக் காப்பதற்கு இன்னொரு வழி படியெடுத்தல். எழுத்துள்ள பரப்பைத் துலக்கி, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, தூரிகையால் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் படியச்செய்து, பிறகு மையொற்றினால், உட்குழிந்த எழுத்துகள் வெண்மையாகவும் சுற்றுப்புறம் கறுப்பாகவும் தெரியும்; இதுவே மைப்படி. 1886இல் அறிஞர் உல்ச் சென்னை அரசின் கல்வெட்டறிஞராக அமர்ந்தபின் இப்பணி ஒழுங்குபெற்றது. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. தமிழக அரசின் தொல்லியல் துறை 1961இல் தொடங்கியது. ஓர் ஊரின் கல்வெட்டைத் தேடிச் செல்லும் அலுவலருக்கு எந்தக் கல் எந்த வயலில் கிடக்கிறது, எந்தத் தூண் எந்த வீட்டுப் படியாயிற்று என்று காட்டுபவர் அவ்வூர்க்காரரே என்பதால், இவ்வகையிலும் வழிகாட்டிய பெயரற்ற ஊராரின் துணையால்தான் வரலாறு எழுதப்பட்டது.

பெருமுக்கல் வட்டாரத்துக்கு இன்று நேரும் பெரிய அச்சுறுத்தல் கல்குவாரி. திண்டிவனம், வானூர்ப் பகுதிகளின் பாறைக் குன்றுகள் சல்லிக்காகவும் செயற்கை மணலுக்காகவும் உடைக்கப்பட்டுவருகின்றன. சாலையும் வீடும் கட்டக் கல் வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் குன்று என்பது மீண்டும் விளையும் பொருளன்று. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை எவ்விதக் கட்டுமானமும் சுரங்கமும் கூடாது என்றும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே செய்ய வேண்டும் என்றும் 2010இல் திருத்தப்பட்ட சட்டம் கூறுகிறது. ஆனால் பாதுகாக்கப்பட்டவை என அறிவிக்கப்படாத சின்னங்களே மிகுதி. அவற்றுக்கு வேலியாக நிற்பது உள்ளூராரின் அறிவும் எதிர்ப்பும் மட்டுமே. தம் குன்றில் என்ன இருக்கிறது என்று அறியாத ஊரால் அதற்காகப் பேச முடியாது.

அறிவைக் காக்கும் நிறுவனங்களும் இவ்வட்டாரத்தில் உண்டு. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் தலைமை மடமான சினகாஞ்சி மடம் இருக்கிறது. சமணர் உணவு, அடைக்கலம், மருந்து, நூலறிவு ஆகிய நான்கையும் தானங்களாக வகுத்தனர். ஓலைச்சுவடியைப் படியெடுத்து மற்றவருக்கு அளிப்பதும் சோறிடுவதற்கு நிகரான தானமாக எண்ணப்பட்டதால் எத்தனையோ தமிழ் நூல்கள் தப்பிப் பிழைத்தன. மயிலத்தில் முருகன் கோயிலை நடத்தும் பொம்மபுர ஆதீனம் 1938இல் தமிழ்க் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. சிறுபாணாற்றுப்படை பாடிய நாட்டிலேயே அந்நூலைப் பாடமாகக் கற்கும் வாய்ப்பு சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அதனால் கிடைத்தது.

நீருக்கு வருவோம். ஓய்மாநாட்டின் ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல; மேலேரியின் மிகைநீர் கலிங்கு வழியே கீழேரிக்கும், அங்கிருந்து அடுத்ததற்கும் செல்லும் சங்கிலித்தொடர். கலிங்கு என்பது ஏரி நிரம்பியபின் உபரிநீர் வழியும் கட்டுமானம். கிழக்கே சரியும் இவ்வேரிகளுள் பலவற்றின் நீர் இறுதியில் மரக்காணத்துக்கும் வானூருக்கும் இடையே பரந்துள்ள கழுவெளி என்னும் உவர்நீர்ச் சதுப்பை அடைந்து, எடையன்திட்டுக் கழிமுகம் வழியே கடலில் கலக்கிறது. வலசைப் பறவைகள் வந்து தங்கும் கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் உலகளாவிய முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஊர் ஏரியின் வாய்க்கால் அடைபட்டால் அதன் விளைவு அவ்வூர் எல்லையோடு நிற்பதில்லை என்பதற்குக் கழுவெளியே சான்று.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஒரே நாளில் கொட்டிய அந்த நீரைத் தாங்குவதற்கு ஏரிகளும் வரத்து வாய்க்கால்களுமே இவ்வட்டாரத்துக்கு இருந்த முதல் அரண். அத்தகைய இரவில் கரையில் நின்று மதகைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுப்பவர் யார் என்ற கேள்விக்குப் பழைய அமைப்பில் தெளிவான விடை இருந்தது. நீர் பாய்ச்சும் பொறுப்பேற்றவருக்கு ஊரார் அறுவடையில் பங்கு அளந்தார்கள். கரை உடைந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். குடிமராமத்து எனப்பட்டது இதுதான்: பயன்பெறும் குடிகளே தங்கள் நீர்நிலையைப் பழுதுபார்த்துக்கொள்வது. 1858இல் ஆங்கிலேய அரசு இதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியது. உரிமையை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் குடிகளிடம் விட்டதால் அச்சட்டம் வேரூன்றவில்லை. குடிமராமத்து என்ற பெயர் அண்மைக் காலத்தில் அரசுத் திட்டமாகத் திரும்பிவந்தது. ஒப்பந்தப் பணியாக நடந்தால் அது பெயரளவில்தான் குடிமராமத்து. ஏரிப் பாசன விவசாயிகள் கணக்கையும் கரையையும் தாமே கையாளும் இடங்களில்தான் அப்பெயருக்குப் பொருள் கிடைக்கிறது.

இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவர் பெருமுக்கல்லுக்குச் சென்றுவர ஒரு நாள் போதும். சாய்வான காலை வெயிலில் கல்வெட்டுகள் தெளிவாகத் தெரியும். அவற்றைத் தொடாமல், சுண்ணாம்புத்தூள் தூவாமல் படமெடுக்கலாம். மலையிறங்கியபின் முதிய விவசாயிகளிடம் ஏரி, தாங்கல், வாய்க்கால், பாறை ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டெழுதி, கிராம நில வரைபடத்தோடு ஒப்பிட்டால், வரைபடத்தில் இருந்து தரையில் காணாமற்போன ஓடைகளும், தரையில் இருந்து பதிவேட்டில் ஏறாத பழஞ்சின்னங்களும் தெரியவரும். அந்தப் பட்டியலைக் கொண்டுசெல்லத் தக்க இடம் கிராம சபை. சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களிலும், உலக நீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் தமிழக ஊராட்சிகளில் அது கூடுகிறது. வாக்காளர் எவரும் அங்கே எழுந்து பேசலாம். குன்றின் சின்னங்களும் ஏரியின் எல்லைகளும் தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறிவிட்டால், குவாரி உரிமமோ ஆக்கிரமிப்பு வழக்கோ வரும் நாளில் ஊர் தன் கையில் எழுத்துச் சான்றோடு நிற்க முடியும்.